நோய்க்குப் பெயர் எழுதுவது யார்?

அமெரிக்காவில் மூத்த மகளுடன் வசிக்கும் தமது தாயாருக்குச் சில மாதங்களாகக் காலெலும்பிலும் இடுப்பிலும் நோவு என்றும், வைத்தியரிடம் காட்டியபின் அங்கே கொடுத்த தாளில் மருந்தின் பெயருக்கு மேலே “ஈ 55.9” என்று ஓர் ஆங்கில எழுத்தும் இலக்கமும் மாத்திரமே காணப்பட்டன என்றும், அதைக் கண்டு வீட்டார் கலங்கிப் போயினர் என்றும் ஒரு நேயர் எழுதியிருக்கிறார். “இது ஏதேனும் புது வியாதியா? பெயரைச் சொல்ல அஞ்சி எண்ணால் மறைத்துவிட்டார்களா?” என்பது அவர் கேள்வி. இரத்தப் பரிசோதனைக்கான பணத்தைக் காப்புறுதிக் கம்பெனி கொடுக்க மறுத்துவிட்டது என்றும் கடிதத்தின் அடியிலே ஒரு குறிப்பு இருக்கிறது.

மறைத்ததுமில்லை, புது வியாதியுமில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த சர்வதேச நோய்ப் பகுப்பின் பத்தாம் திருத்தத்திலே, ஈ 55 என்பது விற்றமின் டி குறைபாட்டுக்கு உரிய இடம். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 9 என்பதற்கு “வகை குறிப்பிடப்படாதது” என்று பொருள். ஆகவே அம்மாவின் தாள் சொல்வது இவ்வளவே: இவருக்கு விற்றமின் டி போதாது, அதனால் எலும்புக்கு என்ன நேர்ந்தது என்பது இதில் எழுதப்படவில்லை.

எழுதப்படவில்லை என்ற இந்தச் சொல்லைப் பற்றியே இவ்வாரம் சிறிது பேச விரும்புகிறோம். நோயாளியின் உடம்பில் இருப்பது ஒன்று. தாளில் ஏறுவது இன்னொன்று. தாளில் ஏறியதைத்தான் மருந்துசாலையும் காப்புறுதிக் கம்பெனியும் அரசாங்கமும் அறியும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை முதன்முதலாக அளந்து பார்த்தவர் வைத்தியரல்லர் என்பதும், அவர் அளந்தது இதே விற்றமின் டி குறைபாட்டு நோயைத்தான் என்பதும் மாணவ நேயர்களுக்கு வியப்பாயிருக்கும்.

இலண்டன் துணி வியாபாரியின் கணக்கு

பதினேழாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் கொள்ளைநோய் மூளுகிறதா, தணிகிறதா என்று அறியும் பொருட்டு வாரந்தோறும் மரணப் பட்டியல் வெளியிடப்பட்டு வந்தது. ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால், அந்தக் கோயிற்பற்றிலே சத்தியப் பிரமாணம் செய்து நியமிக்கப்பெற்ற முதிய பெண்கள் அங்கே போவார்கள். பிரேதத்தைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, இன்ன நோயால் இறந்தது என்று கோயிற்பற்று எழுத்தரிடம் வந்து சொல்வார்கள். அவர்கள் வைத்தியம் கற்றவர்களல்லர். ஆயினும் அவர்கள் வாயினின்று வந்த பெயரே பட்டியலில் ஏறிற்று.

இந்தப் பட்டியல்களை ஆண்டு ஆண்டாகச் சேர்த்து ஆராய்ந்தவர் ஜோன் கிறாண்ட் என்னும் துணிமணி வியாபாரி. 1662ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலே மரணக் கணக்கு ஆராய்ச்சிக்கு ஆதி நூல். அதிலே ஓரிடத்தில் அவர் ஒரு விசித்திரத்தைச் சுட்டுகிறார். றிக்கெற்ஸ் என்னும் நோயின் பெயர் 1634ஆம் ஆண்டுக்கு முந்திய பட்டியலெதிலும் இல்லை. அந்த ஆண்டில் 14 பேர் அதனால் இறந்ததாகத் திடீரென்று தோன்றுகிறது. 1660இல் அத்தொகை 521 ஆகிவிடுகிறது.

றிக்கெற்ஸ் என்பது குழந்தைகளின் எலும்பு கெட்டிப்படாமல் மெதுமையாய்க் கால் வளைவதும், மணிக்கட்டு தடிப்பதும், விலாவெலும்பு முனைகள் மணிமணியாய்ப் புடைப்பதுமான நோய். விற்றமின் டி குறைவே அதற்குப் பெருங்காரணம் என்று இன்று நாம் அறிவோம். கிறாண்டுக்கு அது தெரியாது. அவர் கேட்ட கேள்வி வேறு: இந்த நோய் 1634இல்தான் பிறந்ததா, அல்லது முன்பே இருந்த நோய்க்கு அந்த ஆண்டில்தான் பெயர் கிடைத்ததா?

எவ்வளவு கூர்மையான கேள்வி! விடை காண அவர் பிணத்தையும் அறுக்கவில்லை, மருந்து நூலையும் புரட்டவில்லை. பட்டியலையே பட்டியலோடு ஒப்பிட்டார். றிக்கெற்ஸுக்கு மிக நெருங்கிய பழைய பெயர் எது என்று விசாரித்தபோது “ஈரற் பெருக்கம்” என்று தெரிந்தது. சில ஆண்டுகளில் ஈரற் பெருக்கம், மண்ணீரல், றிக்கெற்ஸ் மூன்றையும் ஒரே வரியிற் சேர்த்தே எழுதியிருந்தார்கள். 1633இல் ஈரற் பெருக்கத்தால் இறந்தோர் 82. மறு ஆண்டில் ஈரற் பெருக்கம் 77, றிக்கெற்ஸ் 14, ஆகக் கூட்டுத்தொகை 91. பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்கு ஆட்கள் மாறியது மாத்திரமாயின் பழைய தொகை இன்னும் குறைந்திருக்க வேண்டும், அவ்வாறு குறையவில்லை. 1636இல் றிக்கெற்ஸ் 50 ஆனபோதும் ஈரற் பெருக்கம் 99 ஆகவே நின்றது. ஆகையால் நோய் புதிதே என்பது அவர் துணிபு. ஆனால் அவர் நேர்மையுள்ள மனிதர். தம் துணிபுக்கு எதிரான கணக்கையும் மறைக்காமல் தருகிறார். 1660இல் றிக்கெற்ஸ் 521 ஆனபோது ஈரற் பெருக்கம் வெறும் 15தான்! இரண்டு நோயும் பெண்களின் மதிப்பீட்டிலே ஒன்றோடொன்று குழம்பியிருக்கலாம் என்பதையும் அவர் ஒத்துக்கொள்கிறார்.

எமது அபிப்பிராயம், கேள்வியின் இரு பக்கமும் ஓரளவு மெய் என்பதே. குழந்தைகளின் கால் வளைவதை உரோமாபுரியில் இரண்டாம் நூற்றாண்டு வைத்தியர் சொரானஸ் எழுதியிருக்கிறார். ஆகவே நோய் முற்றிலும் புதிதன்று. நெருங்கிய வீதிகளும் நிலக்கரிப் புகையும் இலண்டனிற் பெருகப் பெருக அது மிகுந்திருக்கவும் கூடும். எது எவ்வளவு என்பதை இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏன்? அந்த மூதாட்டிகள் எதைக் கண்டு எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்ற விவரம் எழுதி வைக்கப்படவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதிலே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்நோயைப் பற்றித் தானியல் விஸ்லர் லெய்டன் சர்வகலாசாலையில் தமது ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தது 1645இல். பிரான்சிஸ் கிளிசன் பெருநூல் எழுதியது 1650இல். பட்டியலில் பெயர் ஏறியதோ 1634இல். பண்டிதர்கள் நூல் செய்யுமுன்பே பாட்டிமார் நோயைக் கண்டுகொண்டார்கள்.

கடிதங்கள் காட்டிய சூரியன்

எழுதி வைத்த குறிப்புகளே பின்னர் நோயின் காரணத்துக்கும் வழிகாட்டின. ஜப்பானிலே மருத்துவ ஊழியம் புரிந்து திரும்பிய தியபோல்ட் பாம் என்னும் வைத்தியர், அங்கே காணாத றிக்கெற்ஸை இங்கிலாந்தில் மலிந்து கிடக்கக் கண்டு திகைத்தார். கீழைத் தேசங்களிலிருந்த மிஷன் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி, “உங்கள் ஊரில் இந்நோய் உண்டா?” என்று விசாரித்து, வந்த விடைகளைத் தொகுத்தார். ஏழ்மையும் அசுத்தமும் எங்கும் இருந்தன. வெயில் மிகுந்த ஊர்களில் மாத்திரம் றிக்கெற்ஸ் அரிது. சூரிய ஒளி இல்லாமையே காரணம் என்று 1890இல் அவர் எழுதினார். அக்காலத்தில் அதைப் பொருட்படுத்தினோர் சிலரே.

1919இல் பெர்லின் நகரத்துக் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி, புற ஊதாக் கதிர் வீசும் விளக்கின் கீழ்க் குழந்தைகளைக் கிடத்தி நோயைக் குணப்படுத்தினார். ஒரு கையில் மாத்திரம் ஒளி பட்டபோதும் மற்றக் கையின் எலும்பும் தேறியதை எக்ஸ்-கதிர்ப் படத்திற் காட்டினார். அதே காலத்தில் எட்வர்ட் மெலன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவால் இந்நோயை உண்டாக்கி மீனெண்ணெயால் தீர்த்தார். மீனெண்ணெயில் இருக்கும் அந்தப் பொருள் விற்றமின் ஏ அன்று, வேறொன்று என்று 1922இல் மக்கொலம் நிறுவ, ஏ, பி, சி ஆகியவற்றுக்கு அடுத்த எழுத்து அதற்குப் பெயராயிற்று.

இதற்கிடையே, பெயர்களை ஒழுங்குபடுத்தும் வேலையும் நடந்து வந்தது. இங்கிலாந்தின் பதிவுக் காரியாலயத்தில் 1839 தொடக்கம் பணியாற்றிய வில்லியம் பார், ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் இருந்தால் கணக்கு எங்ஙனம் செல்லும் என்று வாதாடினார். பாரிஸ் நகரத்து ஜாக் பெர்த்தியோன் 1893இல் பல தேசங்களும் கைக்கொள்ளத்தக்க ஓர் அட்டவணையை முன்வைத்தார். அவையெல்லாம் மரண காரணங்களின் அட்டவணைகளே. 1948இல் உலக சுகாதார ஸ்தாபனம் பொறுப்பேற்று ஆறாம் திருத்தத்தைச் செய்தபோதுதான் உயிரோடிருப்போரின் நோய்களும் அதிற் சேர்ந்தன. விற்றமின் டி குறைவு நேரே கொல்லும் நோயன்று; நோகடித்து, வளைத்து, முறித்து வைக்கும் நோய். மரணத்தை மாத்திரம் எண்ணும் ஏட்டிலே அதன் பெரும்பகுதி ஒருபோதும் ஏறியிராது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தமே நேயரின் தாயாருடைய தாளில் இருப்பது. அமெரிக்கா அதைத் தனக்கேற்ப விரித்து 2015 ஒக்டோபரிலிருந்து வழங்குகிறது. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் தேசங்கள் ஒவ்வொன்றாகத்தான் அதற்கு மாறி வருகின்றன.

அண்டை வீடுகள்

ஈ 55 என்பதை ஒரு வீடாகக் கருதினால் அதில் இரண்டே அறைகள். ஈ 55.0 என்பது நடப்பிலுள்ள றிக்கெற்ஸ். ஈ 55.9 என்பது மற்றக் குறைபாடெல்லாம். வளர்ந்தவர்களுக்கு இக்குறையால் எலும்பு மென்மையுற்றால் அது இந்த வீட்டிலேயே இல்லை. எலும்பு, தசை நோய்களின் தெருவிலே எம் 83 என்ற இலக்கத்தில் இருக்கிறது. குழந்தையின் கால் வளைவுக்குப் பரம்பரையாக வரும் பொஸ்பேற்றுக் குறை காரணமாயின் அது ஈ 83.3, சிறுநீரகக் கோளாறு காரணமாயின் என் 25.0, குடலிற் சத்து உறிஞ்சாத சீலியாக் நோய் காரணமாயின் கே 90.0.

இவையெல்லாம் எழுத்தர்களுடைய வீண் நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். பார்வைக்கு ஒரே மாதிரி வளைந்த கால். மருந்து வேறு வேறு. சாதாரண அளவு விற்றமின் டி கொடுத்தும் தீராத றிக்கெற்ஸ் ஒன்று உண்டு என்று 1937இல் ஒல்பிரைற் முதலியோர் எழுதும்வரை, அப்படிப்பட்ட குழந்தைகளும் மற்றக் குழந்தைகளோடு ஒரே பெயரின்கீழ் நின்றார்கள். “மருந்து கொடுத்தோம், தேறவில்லை” என்ற குறிப்பு ஒழுங்காக எழுதப்பட்டமையால் அல்லவா அந்நோய் தனியே பிரிந்தது? தாய்மார் கவனிக்க வேண்டியது இது. ஒரு வைத்தியரிடம் காட்டி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தும் குழந்தையின் கால் தேறவில்லையென்றால், வேறு வைத்தியரிடம் போகும்போது பழைய தாளையும் கொண்டு போக வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு, தேறாமையும் ஓர் அறிகுறி.

நம் தமிழிலும் இந்தக் குழப்பத்துக்குக் குறைவில்லை. எலும்புருக்கி என்ற சொல்லைச் சயரோகத்துக்கு வழங்குவாருளர். என்புருக்கி என்று றிக்கெற்ஸையே சொல்வாருமுளர். எலும்பும் என்பும் ஒன்றுதானே! பாட்டி சொன்ன பெயரை வைத்துக்கொண்டு “எங்கள் குடும்பத்தில் எலும்புருக்கி உண்டு” என்று வைத்தியரிடம் சொன்னால் அவர் எதை எழுதிக்கொள்வார்? பெயரைச் சொல்வதிலும் பார்க்க, இருமலா, இரத்தமா, வளைந்த காலா என்று கண்டதைச் சொல்வதே உத்தமம்.

எழுத்தர் எதை எழுதலாம்?

நோய்க் குறியீடு இடுவதற்கென்றே பயின்ற எழுத்தர்கள் அமெரிக்காவிலே ஏராளம். அவர்களுக்குரிய விதிகளில் ஒன்றை அறிந்தால் நேயரின் காப்புறுதித் தொல்லையும் விளங்கும். இரத்தப் பரிசோதனை அறிக்கையில் விற்றமின் டி குறைவு என்று பளிச்சென்று தெரிந்தாலும், எழுத்தர் தாமாக ஈ 55.9 என்று இடக்கூடாது. வைத்தியர் தமது குறிப்பிலே “விற்றமின் டி குறைபாடு” என்று எழுதியிருக்க வேண்டும். எண் ஒரு சாட்சி; தீர்ப்புச் சொல்பவர் வைத்தியர். வெளிநோயாளர் விஷயத்தில் “இருக்கலாம்”, “சந்தேகம்” என்று வைத்தியர் எழுதியதையும் நோயாகக் கொள்ளலாகாது. அப்போது நோவு, தளர்ச்சி முதலிய அறிகுறிக்கே இலக்கம் இட வேண்டும்.

இப்பொழுது அம்மாவின் பரிசோதனையை எண்ணிப் பாருங்கள். இரத்தம் எடுக்கும் வேளையிலே குறைபாடு உண்டென்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனையே. ஆகவே அந்த வேளையில் நோவுதான் காரணமாக எழுதப்பட்டிருக்க வேண்டும். “பொதுப் பரிசோதனை” என்று மட்டும் எழுதியிருந்தால், சுகதேகிக்குச் செய்த பரிசோதனை என்று கருதிக் காப்புறுதிக்காரர் மறுப்பது வழக்கம். எந்தெந்தக் காரணத்துக்குப் பணம் கொடுப்பது என்று அவர்களிடம் பட்டியல் உண்டு. அது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். மகளார் செய்யத்தக்கது, வைத்தியரின் அன்றைய குறிப்பிலே எலும்பு நோவு எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிவது. எழுதியிருந்தும் எழுத்தர் விட்டிருந்தால் திருத்தி அனுப்பலாம். எழுதியிராவிட்டால், பணம் கிடைக்கும் பொருட்டு இல்லாததை இட்டுத் தாருங்கள் என்று கேட்பது முறையன்று. அது பொய்க் கணக்கு, சட்டப்படியும் குற்றம்.

பரிசோதனைத் தாளைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. முதலாவது, அளவு. அமெரிக்காவில் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்று எழுதுவார்கள். இங்கிலாந்தில் ஒரு லீற்றருக்கு இத்தனை நனோமோல் என்று எழுதுவார்கள். முன்னதை இரண்டரையாற் பெருக்கினாற் பின்னது வரும். 30 என்று வெறும் எண்ணை எழுதி அனுப்பினால், நனோகிராமாயின் அது 75 நனோமோலுக்குச் சமம், குறைவென்று சொல்ல இடமில்லை. நனோமோலாயின் 12 நனோகிராமே, நிச்சயமாகக் குறைவு. கடல் கடந்து இருக்கும் உறவினருக்குத் தொலைபேசியில் “அம்மாவுக்கு முப்பதாம்” என்று சொல்லுவோர் இதை மனத்திற் கொள்க.

இரண்டாவது, பரிசோதனையின் பெயர். தோலிலும் உணவிலும் இருந்து கிடைக்கும் விற்றமின் டி, ஈரலில் ஒரு மாற்றம் அடைந்து இரத்தத்திலே சேமிப்பாய் உலவுகிறது. பின் சிறுநீரகத்தில் மறு மாற்றம் பெற்று வேலை செய்யும் உருவாகிறது. குறைபாட்டை அறிய அளக்க வேண்டியது ஈரலிற் பிறந்த முதலாவதையே. இரண்டாவதை அளந்தால் ஏமாற நேரும்; ஏனெனில் சேமிப்புக் குறையும்போது கழுத்திலுள்ள பரா தைரொயிட்டுச் சுரப்பிகள் சிறுநீரகத்தைத் தூண்டிவிட, வேலை செய்யும் உரு சரியான அளவிலோ சற்று மிகுந்தோ காணப்படலாம். பெட்டகம் காலியாகிக்கொண்டிருக்க, சட்டைப் பையில் காசு குலுங்குவது போல.

எந்த எண்ணுக்குக் கீழே குறைபாடு என்பதிலும் பண்டிதர்கள் ஒருமித்தவர்களல்லர். 2011இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம், எலும்பைப் பொறுத்தவரை 20 நனோகிராம் அநேகமாய் எல்லோருக்கும் போதும் என்றது. அதே ஆண்டில் அந்நாட்டு அகச்சுரப்பியியற் சங்கம் 20க்குக் கீழ் குறைபாடு, 30க்குக் கீழ் போதாமை என்று கோடு கிழித்தது. அக்கோட்டைக் கண்டு, நேற்றுவரை சுகமாயிருந்தோர் பலர் ஒரே இரவில் நோயாளராயினர்! 2024இல் அச்சங்கமே அந்தக் கோடுகளைத் தான் இனி ஆதரிக்கவில்லை என்றும், சுகமாயுள்ள பெரியவர்களுக்கு வழக்கமாக இப்பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்றும் தெரிவித்தது. கிறாண்டின் கேள்வியை இங்கேயும் கேட்கலாம். ஒரு நாட்டின் ஏடுகளில் ஈ 55.9 பெருகினால், பெருகியது நோயா, பரிசோதனையா, கோட்டின் உயரமா?

பெயரால் வந்த பழி

எழுதப்படும் பெயர் சில வேளைகளில் ஒரு சமூகத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியா மாஜரீனில் விற்றமின் டி சேர்த்தும் குழந்தைகளுக்கு மீனெண்ணெய் வழங்கியும் றிக்கெற்ஸை வெகுவாகக் குறைத்தது. நோய் ஒழிந்தது என்று பலர் எண்ணியிருக்கையில், 1962இல் கிளாஸ்கோ நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பங்களில் அது இருப்பதை டனிகன் முதலிய வைத்தியர்கள் அறிவித்தார்கள். பின்னர் இந்தியர், பங்களாதேசத்தவர் ஆகியோரிடமும் காணப்படவே, “ஆசிய றிக்கெற்ஸ்” என்ற பெயர் வைத்திய ஏடுகளிற் பரவிற்று. 1981இல் அதைத் தடுக்க ஓர் இயக்கமும் தொடங்கினார்கள்.

கவனித்து எழுதியமையால் குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெயில் குன்றிய வடநாட்டிலே கரிய தோல் போதிய விற்றமினை ஆக்க மாட்டாது என்ற காரணம் பின்னே போய், சப்பாத்தியும் முக்காடும் ஆசியர் பழக்கமுமே காரணம் என்ற பேச்சு முன்னே வந்தது. அதே நோய் முன்னூறு ஆண்டு இலண்டன் குழந்தைகளை வருத்தியபோது அதற்கு எந்தச் சாதியின் பெயரும் இடப்படவில்லை. அயல்நாட்டார் அதை ஆங்கிலேயர் நோய் என்று அழைத்தது வேறு விஷயம். ஈ 55.0 என்ற வறண்ட இலக்கத்துக்கு ஒரு நற்குணம் உண்டு: அதற்கு இனமும் மதமும் தெரியாது.

நம் நாட்டின் நிலையையும் சிறிது பார்ப்போம். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தென்னாசியாவிலும் விற்றமின் டி குறைவு காணப்படுகிறது. வீட்டுக்குள்ளும் காரியாலயத்துக்குள்ளும் அடைந்து கிடப்போருக்கு வெளியே அடிக்கும் வெயில் என்ன செய்யும்? அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளி வீடு செல்லும்போது, “பெட் ஹெட் ரிக்கற்” என்று வழங்கும் அவருடைய சீட்டு பதிவேட்டுப் பகுதிக்குப் போகிறது. அங்கே அதைப் படித்து நோய்க்கு இலக்கம் இடுகிறார்கள். தொகுத்த கணக்கு கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிவரப் பகுதியைச் சேர்கிறது. ஆனால் அது உள்நோயாளர் கணக்கு. கால் நோவென்று வெளிநோயாளர் வரிசையில் நின்று மருந்து வாங்கிப் போகும் அம்மாக்கள் அதில் இல்லை. உள்ளே சேர்ந்த ஒரு மூதாட்டி தொடையெலும்பு முறிவு என்று எழுதப்பட்டு அதோடு விடப்பட்டால், எலும்பு முறியக் காரணமாயிருந்த குறை ஏட்டில் ஏறாது. ஓயாத வேலைக்கிடையே, கடைசியில் அவசரமாக எழுதும் இளவைத்தியரின் ஒரு வரியிலே இது தங்கியிருக்கிறது.

வீட்டார் கையிலுள்ள தாளிலும் ஒரு வரியை நன்றாகப் பார்க்க வேண்டும். அதுவே மருந்தின் அளவு. விற்றமின் டியைச் சர்வதேச அலகில் எழுதுவார்கள். 40 அலகு ஒரு மைக்கிறோகிராம். நாள்தோறும் உண்ணும் மாத்திரை சில நூறு அல்லது ஓரிரண்டாயிரம் அலகு. வாரத்துக்கொரு முறை உண்பதோ 50,000 அல்லது 60,000 அலகு. வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று என்று உண்டவர்களுக்கும், எத்தனை வாரம் என்று எழுதப்படாமையால் நிறுத்தாமல் உண்டு வந்தவர்களுக்கும் இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தி, தாகம், மலச்சிக்கல், மயக்கம் உண்டாகிச் சிறுநீரகமே பழுதடைதல் உண்டு. அதற்கும் ஓர் இலக்கம் இருக்கிறது: ஈ 67.3, விற்றமின் டி மிகை. எத்தனை அலகு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் தாளில் உள்ளனவா என்று மருந்துசாலையை விட்டுப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கேட்பதில் வெட்கமில்லை.

இன்னும் ஓர் இலக்கம் மிச்சமிருக்கிறது. ஈ 64.3 என்பது குணமாகிப் போன றிக்கெற்ஸின் பின்விளைவு. நோய் சிறு வயதிலேயே தீர்ந்திருக்கும். வளைந்த கால் வளைந்தபடி நின்றுவிடும். பெண் குழந்தையாயின் இடுப்பெலும்பும் ஒடுங்கியிருக்கலாம். அவள் தாயாகும் வேளையிலே பிள்ளை வெளிவர வழி போதாமல் ஆபத்தாகும். சத்திரசிகிச்சை வசதியில்லாத காலத்தில் தாயும் சேயும் இதனால் மாண்டதுண்டு. அந்த மரணங்கள் ஏடுகளில் பிரசவ மரணம் என்றே எழுதப்பட்டன.